வள்ளத்துக்குக் கீழே மூன்று பேர்

கரம்பொன்னைச் சேர்ந்த மேரிஜோசப்பின் ஊர்காவற்றுறையில் ஒரு மீனவர் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தாள். 1989 தொடக்கத்தில் சங்கத்துக்கு வெளிநாட்டு உதவியாக ஒரு கொம்பியூட்டர் வந்தது. அதோடு வந்த பொறியியலாளர் ஐந்து நாள் தங்கி, புரோகிராம் அமைக்கும் முறையை அவளுக்குக் காட்டிக் கொடுத்தார். திரையின் இடப்பக்கம் பெயர்கள் வரிசையாக நிற்கும். ஒரு பெயரில் விசையை அழுத்தினால் அதில் அடங்கியவை கீழே விரியும்; மறுபடி அழுத்தினால் மூடிக்கொள்ளும். எதை மேலே வைப்பது என்று அவர் கேட்டார். பழைய பதிவேட்டில் உள்ளபடி சொந்தக்காரர், அவருக்குக் கீழே வள்ளம், வள்ளத்துக்குக் கீழே தொழிலாளர் என்று சொன்னவள் அவள்தான்.

ஐப்பசியில் ஒரு காலை கடும் காற்று. எழுவைதீவுப் படகோட்டி சில்வெஸ்ரர் சேதி கொண்டுவந்தார். 147ஆம் இலக்க வள்ளம் கவிழ்ந்து அங்கே ஒதுங்கியிருந்தது. நீந்திக் கரைசேர்ந்த ஒருவர் நினைவில்லாமல் கிடந்தார். சங்கத் தலைவர் குருசுமுத்து மேரிஜோசப்பினிடம் விரைந்தார்.

"பிள்ளை, அதிலை எத்தினை பேர் போனவை? இன்னும் எத்தினை பேரைத் தேடுறது?"

திரையில் இருந்தவை இருநூற்றுப் பத்துச் சொந்தக்காரரின் பெயர்கள். வள்ள இலக்கத்தைக் கொண்டு தேட வழியில்லை. ஒவ்வொரு பெயராகத் திறந்து பார்த்து மூடினாள். வாசலில், ஆட்கள் கடலிலிருந்து திரும்பாத வீட்டுப் பெண்கள் காத்து நின்றார்கள். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு சவிரிமுத்துவின் பெயருக்குள் 147 இருந்தது. அதற்குள் மூன்று பேர். பெயர்களை வாசித்ததும், வாசலில் நின்ற செபஸ்தியம்மா, அவர்களில் ஒருவரின் மனைவி, மூவரும் ஒன்றாகத்தான் போனார்கள் என்று சொல்லிக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியென்றால் கடலில் இன்னும் இருவர். படகுகள் புறப்பட்டன. மத்தியானம், வலை மிதவைகளைப் பிடித்தபடி கிடந்த இருவரையும் உயிரோடு ஏற்றிவந்தார்கள்.

எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். அந்த அரை மணித்தியாலத்தை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை. மறுவாரம் புரோகிராமைத் தானே பிரித்தாள். வள்ளத்தை மேலே நகர்த்தியதும் தொழிலாளர் பெயர்கள் எல்லாம் காணாமற்போயின. பழைய பிரதியை எடுத்து மறுபடி தொடங்கினாள். ஒன்பதாம் நாள்தான் சரிவந்தது.

செபஸ்தியம்மா ஒருநாள் கருவாடு கொண்டுவந்து, பக்கத்துக் கதிரையில் அமர்ந்தாள்.

"என்ரை அவர் இதுக்குள்ளை ஆருக்குக் கீழை இருக்கிறார்?"

"இப்ப ஒருத்தருக்கும் கீழை இல்லை அக்கா. வள்ளத்தோடை இருக்கிறார்."



அடுத்த ஆண்டு சண்டை மூண்டு ஊர்காவற்றுறைத் தீவே இடம்பெயர்ந்தது. கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை. நான்கு ஆண்டுகள் அகதியாக அலைந்தபின், கொழும்பில் புரோகிராம் எழுதும் ஒரு சிறிய கம்பனியில் மேரிஜோசப்பினுக்கு வேலை கிடைத்தது. முதல் வேலை ஓர் ஆஸ்பத்திரியின் நோயாளர் பதிவு. வேலையைத் தொடங்கச் சொன்னார்கள். அவள் கொம்பியூட்டரைத் தொடாமல், இரண்டு நாள் அந்த ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று, வருகிறவர்கள் முதலில் என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வந்தாள்.