சந்தனப் பொட்டு வைத்த தூதர்

தாசில்தார் ஐயாவின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரரின் படம் மாட்டியிருந்தது. கோட்டு, கழுத்துப்பட்டை, அடர்ந்த மீசை. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் மீசை வைத்த வெள்ளைக்காரர் படம் என்றால் அது ஒருவர்தான்: அணை கட்டித் தண்ணீர் கொண்டுவந்த என்ஜினீயர். டீக்கடையிலும் கல்யாண மண்டபத்திலும் அவர் இருப்பார். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிற ஊர் இது. அதனால் எங்கள் பியூன் அண்ணன் தினமும் அந்தப் படத்தைத் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார். உத்தமபாளையம் தாலுகா ஆபீசில் சேர்ந்த புதிதில் நானும் கும்பிட்டிருக்கிறேன். ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்துக்காரர் மகள் கும்பிடாமல் இருப்பேனா?

ஒருநாள் ஐயா சிரித்துவிட்டார். "அது அவர் இல்லம்மா" என்றார். உலகப் போரின்போது ஐரோப்பாவில் ஏதோ ஒரு நகரத்தில் இருந்த தூதரக அதிகாரியாம். யூதர்களைக் குடும்பம் குடும்பமாக ரயிலில் ஏற்றிச் சாகடிக்க அனுப்பிக்கொண்டிருந்த காலம். இந்த மனிதர் தன் மேலிடத்து உத்தரவை மீறி, 'இவர்கள் எங்கள் நாட்டுப் பிரஜைகள்' என்று பொய்யாகவே எழுதி முத்திரை குத்திக் கொடுத்துப் பலரைக் காப்பாற்றினாராம். பிடிபட்டிருந்தால் உயிர் போயிருக்கும். வரலாறு படித்தவர் ஐயா. பழைய பத்திரிகையிலிருந்து வெட்டிச் சட்டம் போட்டிருக்கிறார். பியூன் அண்ணனிடம் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன். "பொட்டு வைக்கிற கையைத் தட்டிவிட மனசு வரலம்மா" என்றார்.

பிறகு ஒரு வருஷம் அணைத் தண்ணீர் விஷயத்தில் இரண்டு மாநிலத்துக்கும் முறுக்கிக்கொண்டது. மலைக்கு மேலே நம் ஆட்களை அடித்துவிட்டார்கள் என்று பேச்சுக் கிளம்பியதும் கீழே ஊர் கொதித்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பேக்கரி வைத்திருந்த மலையாளி, மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளுமாக எங்கள் ஆபீசுக்குள் ஓடி வந்தார். கடைக் கண்ணாடி நொறுங்கியிருந்தது. "ஞங்ஙள் எவிடெ போகும் சாரே", நாங்கள் எங்கே போவோம் என்று அந்த அம்மாள் கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

பின்னாலேயே கூட்டம் வந்துவிட்டது. கம்பும் கல்லுமாக, அவர்களை உடனே மலை ஏற்று என்று சத்தம். மலைப்பாதை வளைவுகளில் எவனெவன் காத்துக் கிடக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். போனில் மேலிடத்திலிருந்து ஒருவர், இப்போதைக்கு அனுப்பிவிடுங்கள், பிரச்சினை அடங்கட்டும் என்றார். "வழியில அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்ன செய்வீங்க சார்? நான் அனுப்ப மாட்டேன்" என்று ஐயா போனை வைத்தார். போலீஸ் இன்னும் வந்தபாடில்லை. தனியாகப் போய் கேட்டை மறித்து நின்றார். வந்து விழுந்த ஒரு கல் நெற்றியைக் கிழித்தது. வெள்ளைச் சட்டை நனைந்தது, மனிதர் நகரவில்லை. முன்வரிசையில் நின்றது என் சித்தப்பா.

"ஐயா, வெலகிக்கிருங்க. ஒங்க மேல எங்களுக்குக் கோவமில்ல" என்றார் சித்தப்பா.

"என்னைத் தாண்டித்தான் போகணும்" என்றார் ஐயா.

சித்தப்பா கேட்டைப் பிடித்துத் தள்ளினார். அப்போதுதான் பியூன் அண்ணன் உள்ளிருந்து அந்தப் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். ஐயாவுக்கு முன்னால் நின்று அதைத் தூக்கிப் பிடித்தார்.

"ஏலே, ஆரு நிக்கிறாகன்னு பாரு. தண்ணிக்காகத்தான வந்தீக? தண்ணி குடுத்தவுகளத் தாண்டிப் போயி அந்தப் புள்ளைகளத் தொடுங்க, பாப்பம்."

சித்தப்பாவின் கண் சந்தனப் பொட்டில் போய் நின்றது. கேட்டிலிருந்து கையை எடுத்தார். என்ன நினைத்தாரோ, செருப்பைக் கழற்றினார். பக்கத்தில் நின்றவர்களும் கழற்றினார்கள். அந்தத் தயக்கம் போதுமானதாக இருந்தது. அதற்குள் போலீஸ் வேன் வந்து சேர்ந்தது. பொய்யே பேசாத எங்கள் ஐயா படத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் கைக்குட்டையால் நெற்றியை அழுத்திக்கொண்டார். ஊர் அடங்கும்வரை அந்தக் குடும்பம் எங்கள் ரிக்கார்டு ரூமில்தான் இருந்தது. பிறகு பேக்கரிக்குப் புதுக் கண்ணாடி போட்டார்கள். அந்த ஆபீசில் வேலை பார்த்தவள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் தலைகொள்ளாத பெருமை.

ஐயா மாற்றலாகிப் போகும்போது படத்தைப் பியூன் அண்ணனுக்கே கொடுத்துவிட்டார். போன மாதம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில்: அணை கட்டியவர் ஒன்று, அந்தத் தூதர் ஒன்று. இரண்டிலும் ஈரம் காயாத சந்தனம்.

"ரெண்டு பேரும் வேற வேறன்னு எப்பண்ணே தெரிஞ்சது?" என்றேன்.

"ஒனக்கு ஐயா கதை சொன்னாகள்ல, அன்னைக்கு டீ கொண்டாந்தது நாந்தான ஆத்தா" என்றார். "அவரு பொய்யெழுதிக் காப்பாத்துனாருன்னாக. அங்கன கேட்டுல நிக்கையில எனக்கு அதுதான் நெனப்பு வந்துச்சு."