ஸ்டிக்கர் ஒட்டாத நாட்கள்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தஹ்சீனுக்குத் தோல் செக் பண்ணும் வேலை. அவள் கண்ணுக்குத் தப்பிய குறை கிடையாது. குறை இருக்குமிடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். நல்ல தோலில் எதுவும் ஒட்டமாட்டாள்.

காரணமில்லாமல் அழுகை வருகிறதென்று வேலூருக்குக் கவுன்சலிங் போனாள். தினமும் மனநிலையை ஒரு முகப் படத்தைத் தொட்டுக் குறித்துவைக்க, கவுன்சலர் ஃபீபி மேடம் அவள் போனில் ஒரு ஆப் போட்டுக்கொடுத்தார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பதினோரு நாள்தான் குறித்திருந்தாள். அத்தனையும் அழுமுகம்.

"மீதி நாள் மறந்துட்டியா?"

"இல்ல மேடம். அன்னிக்கெல்லாம் நல்லாத்தான் இருந்தேன். நல்லா இருந்தா இன்னாத்தப் போடுறது?"

மேடம் சிரித்துவிட்டு, போனை அவளிடமே நீட்டினார். "காலியா இருக்கறத எண்ணு."

பத்தொன்பது.

"அல்ஹம்துலில்லாஹ்! இவ்ளோவா குடுத்திருக்கான்?"

அழுதுகொண்டே, முதல் தடவையாகச் சிரிக்கும் முகத்தைத் தொட்டாள்.