வருகையின் நோக்கம்: சான்றிதழ் தொடர்பாக

நீல விளிம்பு போட்ட அந்த வெள்ளை எனாமல் தட்டு ஒரு முழத்துக்கு மேல் அகலம். பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் அதற்கு ஒரு வரி உண்டு: ‘எனாமல் தட்டு, பெரியது, ஒன்று. பயன்பாடு: விதை முளைப்புச் சோதனை.’ அந்த வரியை எழுதியவன் நான். என் காலத்தில் அதில் ஓர் அவரை விதைகூட முளைத்ததில்லை. பந்தலூர்ப் பக்கத்து மழையில் விதைகள் தட்டுக்காகக் காத்திருப்பதில்லை. சாக்குப் பைக்குள்ளேயே முளைத்துவிடும். எனவே அந்தத் தட்டு அறிவியல் அலமாரியின் அடித்தட்டில், செய்தித்தாள் சுற்றிப் பத்திரமாக, யாருக்கும் பயன்படாமல் இருந்தது. அரசுச் சொத்து இருக்க வேண்டிய முறையும் அதுதான். ஒரு நாள் மதியம் அதை யாரையும் கேட்காமல் வெளியே எடுத்து, குழாயடியில் தேய்த்துக் கழுவி, மேசை நடுவில் கொண்டுவந்து வைத்தவர் கண்டி டீச்சர்.

அவர் கண்டியைப் பார்த்ததே இல்லை. பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவர். ஆனால் இலங்கையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் கண்டிக்காரர்கள் என்று எங்கள் பக்கத்தில் எப்போதோ முடிவாகியிருந்தது. அரசுக் காகிதங்களில் அவர்களுக்கு வேறு பெயர்: தாயகம் திரும்பியோர். டீச்சரின் பாட்டன் காலத்தில் கடல் தாண்டிப் போன குடும்பம். எழுபதுகளில் கப்பலேறி வந்து இந்த மண்ணை முதன்முதலாக மிதித்தபோது டீச்சருக்கு முப்பது வயது கடந்திருந்தது. ஒருமுறைகூடப் பார்த்திராத இடத்துக்கு ஒருவர் எப்படித் திரும்ப முடியும் என்று எந்தப் படிவத்திலும் ஒரு கலம் கிடையாது. என்னைக் கேட்டால், அவர் வெளிநாட்டில் வேலைக்கு வந்த ஆசிரியை. இங்கே எல்லாமே அவருக்கு வெளிநாடு. பள்ளியில் ஏற்கெனவே இருந்த ஆசிரியர்கள் நாங்கள் மூவரும் அந்த நாட்டின் பழங்குடிகள்.

பள்ளி நெல்லியாளத்துக்கு அருகே, சுற்றிலும் தேயிலை. எட்டு வகுப்புகள், அனுமதிக்கப்பட்ட ஆசிரியர்கள் ஒன்பது பேர், டீச்சர் வரும்வரை இருந்தவர்கள் மூவர். மற்ற ஆறு பேர் காலிப் பணியிடம் என்ற பெயரில் ஒரு நாள் தவறாமல் வருகை தந்துகொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் கூடலூரிலிருந்து வந்த மலையாளி. அவரை எல்லோரும் மாஷ் என்றே அழைத்தோம். நான் கோபியிலிருந்து வந்த இளைஞன். பாடம் நடத்தியதோடு, பள்ளியின் காகிதங்கள் எல்லாமும் என் பொறுப்பு. விதிப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறவன் என்று மாஷ் என்னைப் பற்றிச் சொல்வார். அது பொய். அந்தப் புத்தகம் தலையணைக்கு உயரம் போதாது.

மதியம் நாங்கள் அறிவியல் அறையில் சாப்பிடுவோம். மண்ணெண்ணெய் அடுப்பு அங்கேதான் இருந்தது. ஆனிக்கும் ஆவணிக்கும் நடுவே காலையில் கட்டிய சோறு மதியத்துக்குள் கல்லாகிவிடும், சூடு காட்ட வேண்டும். காட்டியதும் ஆளுக்கொரு மூலை. தலைமையாசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பி அரிசிம்பருப்புச் சோறு சாப்பிடுவார். மாஷ் அலமாரியைப் பார்த்தபடி கப்பை என்று அவர் சொல்லும் மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும். நான் கரும்பலகையைப் பார்த்து ஊறுகாயும் தயிர்ச்சோறும். டீச்சர் வந்த முதல் வாரம் வாசலில் நின்று எங்கள் மூன்று முதுகுகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள், ‘சார்’ என்பதைச் ‘சேர்’ ஆக்கும் தம் இலங்கைத் தமிழில் கேட்டார். “எங்க தோட்டத்து ஸ்கூல்ல இப்புடி மூலைக்கு ஒருத்தரா உக்காந்தா, பேச்சுவார்த்தை இல்லைன்னு அர்த்தம். உங்களுக்குள்ள என்ன சண்டை சேர்?”

“சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க டீச்சரம்மா. பழக்கமுங்க” என்றார் தலைமையாசிரியர்.

தட்டு வெளியே வந்தது அன்றுதான். தம் டப்பாவிலிருந்த தேங்காய் ரொட்டியையும், மாசிக் கருவாடு இடித்துச் சேர்த்த சிவப்புச் சம்பலையும் முதலில் அதில் கொட்டினார் டீச்சர். அவருடைய பழைய பள்ளியின் வழக்கம் அது: எல்லோருடைய டப்பாவும் ஒரே தட்டில் காலியாக வேண்டும். பிறகு அன்றைய முறைக்காரர் கரண்டியால் எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைப்பார். பங்கு வைத்தவர் கடைசியில்தான் உட்காருவார். மாஷ் ஒன்றும் கேட்காமல் தம் கப்பையைக் கவிழ்த்தார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். அது ஆய்வகப் பொருள், வேறு உபயோகத்துக்கு எடுக்கக் கூடாது என்றேன். “இதுவும் சோதனைதானே சேர், செஞ்சு பாப்போம்” என்றார் டீச்சர்.

எனக்கு மூன்று நாட்கள் வயிற்று வலி. அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். யார் கை பட்ட சோற்றை யார் தின்னலாம் என்றொரு விதி எங்கள் ஊரில் இருந்தது. அது அச்சடிக்கப்படாத விதி, ஆனால் நான் மதித்து நடந்த விதிகளில் மூத்தது. தேயிலைத் தோட்டத்துக் கூலிக் குடியிருப்பான லயத்திலிருந்து வருகிற ஒரு பெண் கரண்டி பிடிக்கிறார் என்பதுதான் என் வயிற்று வலி. டீச்சருக்கு அது புரியாமல் இருந்திருக்காது. மூன்று நாளும் என் பங்கை வைத்து, ஒரு தாளால் மூடிப் பக்கத்தில் தள்ளிவைத்தார். நான்காம் நாள் மழை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு பெய்தது. அறை முழுக்கச் சம்பல் வாசனை. தாளை எடுத்துவிட்டுச் சாப்பிட்டேன். காது வரை உறைத்தது. தலைமுறை தலைமுறையாக வந்த என் கொள்கை மூன்று பகல்தான் தாங்கியது என்பதைப் பதிவு செய்கிறேன். அடுத்த வாரமே பங்கு வைப்பதற்கான முறைப் பட்டியலை நான் தயாரித்து, நகலோடு சுவரில் ஒட்டினேன்.

டீச்சரின் வேலை தற்காலிகமானது. இலங்கையில் அவர் பெற்ற பயிற்சிச் சான்றிதழ் இங்குள்ளதற்கு நிகரானது என்று சென்னையிலிருந்து உத்தரவு வர வேண்டும்; அது வரும்வரை பள்ளி ஆய்வாளர் வந்து பார்த்து, மூலச் சான்றிதழைச் சரிபார்த்து, பணியை நீட்டிக்க வேண்டும். மூலச் சான்றிதழ் டீச்சரிடம் இல்லை. கப்பலிலிருந்து இறங்கிய முகாமில், சரிபார்ப்பதற்காக என்று வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்திருந்தார்கள். அதாவது அரசிடம் இருக்கும் காகிதத்தை அவர் அரசிடம் காட்ட வேண்டும். கையில் இருந்தது நகல் மட்டும். அந்தச் சம்பளத்தை நம்பி லயத்தில் அவருடைய தாயாரும் படித்துக்கொண்டிருந்த இரண்டு தங்கைகளும் இருந்தார்கள்.

ஆய்வாளர் வந்தது ஆடியில். வருகிற அதிகாரிக்குத் தனி மேசை போட்டு, பந்தலூர் ஓட்டலிலிருந்து சாப்பாடு வரவழைத்து, தலைவாழை இலையில் பரிமாறி, நாங்கள் கை கட்டி நிற்பது முறை. எல்லா ஏற்பாட்டையும் நான்தான் செய்திருந்தேன். சாலையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது, சாப்பாடு வரவில்லை. மணி ஒன்றாகியும் அதிகாரி வகுப்பு வகுப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அறிவியல் அறையை அவர் எட்டிப் பார்த்தபோது டீச்சர் கரண்டியோடு நின்றிருந்தார். “கைகழுவிட்டு வாங்க சேர், அஞ்சு பங்கா வச்சுட்டேன்” என்றார், ஏதோ பக்கத்து வகுப்பு ஆசிரியரை அழைப்பதுபோல. தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரியைப் பொதுத்தட்டில் உட்காரச் சொல்வது இந்த நாட்டில் நடக்காது என்று எங்களில் ஒருவரும் டீச்சருக்குச் சொல்லியிருக்கவில்லை.

அதிகாரி கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நன்றாகச் சாப்பிட்டார்; சம்பலை இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். மேசைக்கடியில் என் காலை மாஷ் மிதித்து, காரியம் முடிந்தது என்று சைகை காட்டினார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அதிகாரி கோப்பைக் கேட்டார். புரட்டிவிட்டு என்னைப் பார்த்து, மூலச் சான்றிதழைப் பார்த்தீர்களா என்றார். ‘பார்த்தேன்’ என்று ஒரு சொல் போதும். அவர் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. அவர் பேனா மூடியைக் கழற்றிப் பிடித்தபடி இருந்தார். “இல்லைங்க. நகல்தானுங்க இருக்குது” என்றேன்.

“சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சும்மா” என்று டீச்சரிடம் சொன்னார் அதிகாரி. பிறகு, மூலச் சான்றிதழ் இல்லாததால் பணி நீட்டிப்புக்கு இடமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவர் மேல் எனக்குக் குறை இல்லை. விதிப்படி நான் சொன்னதும் சரி, அவர் எழுதியதும் சரி. இரண்டு சரிகள் சேர்ந்து ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பின.

மறுநாள் டீச்சர் பள்ளிக்குக் கீழே இருந்த தோட்டத்தில் தாயாரோடு கொழுந்து பறிக்கப் போனார். மதியம் நாங்கள் மூவரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். அன்று பங்கு என் முறை. கை பழக்கத்தில் நான்கு பங்காக வைத்துவிட்டேன். யாரும் தொடவில்லை. தலைமையாசிரியர் எழுந்து வராந்தாவுக்குப் போய்த் தேயிலைச் சரிவைப் பார்த்தார். “வேலை போனாச் சோறுமா போயிரும்? மாஷ், போய்க் கூட்டியாங்க” என்றார். மாஷ் குடையை விரித்துக்கொண்டு சரிவில் இறங்கினார். கால் மணி நேரத்தில் டீச்சர் வந்தார். இடுப்பில் சாக்கு, தலையில் மழைக்குப் போர்த்திய கொங்காணி, விரல்களில் கொழுந்துக் கறை. வாசலிலேயே நின்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர்தான் பேசினார். “உண்மை சொல்றதுக்கு நேத்து ஒரு நாள் லீவு போட்டிருக்கலாம் சேர்.” மாஷ் சிரித்தார். தலைமையாசிரியரும் சிரித்தார். நான் டீச்சரின் பங்கை எடுத்துக் கொடுத்தேன்.

தோட்டத்துச் சாப்பாட்டு நேரமும் எங்கள் இடைவேளையும் ஒன்றாக இருந்ததால் அவர் தினமும் வரலானார். ஆனால் பள்ளி நேரத்தில் வெளியாள் வளாகத்துக்குள் இருக்க வேண்டுமென்றால் பார்வையாளர் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும். யாராவது புகார் கொடுத்தால் தலைமையாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நான் புதுப் பதிவேடு ஒன்றைத் திறந்தேன். பெயர், நேரம் இரண்டும் சுலபம். ‘வருகையின் நோக்கம்’ என்ற கலத்தில் என்ன எழுதுவது? மதியச் சோறு என்று எழுத முடியாது. பொய்யும் எழுத மாட்டேன் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆகவே அவர் வந்து உட்காருமுன் நான் தினமும் ஒரு கேள்வி கேட்பேன்: சான்றிதழ் வந்துவிட்டதா? அவர் தினமும், இல்லை சேர் என்பார். அந்தக் கேள்வியும் பதிலும் நடந்துவிட்டதால், ‘சான்றிதழ் தொடர்பாக’ என்று நான் எழுதுவது முழு உண்மை. மாஷ் இதை எங்கள் சாப்பாட்டுப் பிரார்த்தனை என்று சொல்வார். இடையில் சென்னைக்கு நான் அனுப்பிய நினைவூட்டுக் கடிதங்கள் தனிக் கட்டாகச் சேர்ந்தன. எதற்கும் பதில் வரவில்லை.

மழை போய், பனி வந்து, பனியும் போன பிறகு வேறொரு ஆய்வாளர் மாற்றலாகி வந்தார். எல்லாப் பதிவேடுகளையும் கேட்டார், பார்வையாளர் பதிவேடும் அவர் முன் போயிற்று. புரட்டப் புரட்ட அவர் முகம் மாறியது. பக்கத்துக்குப் பக்கம் ஒரே பெயர், ஒரே நேரம், ஒரே நோக்கம்.

“யாரு இந்தம்மா? ஒரு சான்றிதழுக்காக ஒரு பொம்பளைய வருசம் முச்சூடும் தெனமும் அலைய விட்டிருக்கீங்களா?”

“பதிவேட்டுல இருக்கறது உண்மைதானுங்க” என்றேன்.

“இது யார் கையிலயாவது கெடச்சா என்னய்யா ஆகும்? சட்டசபையில கேப்பாங்கய்யா.”

நான் மறுக்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. நினைவூட்டுக் கடிதங்களின் கட்டையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அந்த அதிகாரி கோப்பைத் தாமே கையில் எடுத்துக்கொண்டு சென்னைக்கு ரயிலேறியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கருணையால் நகராத காகிதம் பயத்தால் நகரும் என்பதை என் முப்பது ஆண்டுப் பணிக்காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் பார்த்தது அப்போதுதான்.

சான்றிதழை ஏற்று டீச்சரைப் பணியில் சேர்க்கும் உத்தரவு ஒரு மதியம் தபாலில் வந்தது. தட்டில் அப்போதுதான் சோறு விழுந்திருந்தது. தலைமையாசிரியர் படித்துவிட்டு டீச்சரிடம் நீட்டினார். டீச்சர் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தார், மறுபடி படித்தார். பிறகு அதைத் தட்டிலிருந்து தள்ளி, சோறு படாத இடமாகப் பார்த்து வைத்தார். “நாளைக்கு வந்து சேந்துக்கிறேன் சேர். இந்தச் சாக்கோட எப்புடிச் சேர்றது?”

“சாக்கு கூடாதுன்னு விதி இருக்குதுங்களா?” என்று தலைமையாசிரியர் என்னைக் கேட்டார்.

இல்லை என்றேன். வெள்ளைத்தாளை எடுத்துப் பணியில் சேரும் அறிக்கையை நானே எழுதினேன். அதில் தேதிக்குப் பக்கத்தில் முற்பகல் அல்லது பிற்பகல் என்று குறிப்பிட வேண்டும். முற்பகல் என்றால் அந்த நாள் முழுவதும் பணியாகச் சேரும். பிற்பகல் என்றால் சேராது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றே கால். டீச்சர் கையெழுத்துப் போடக் குனிந்தவர், நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“முற்பகல்னு போட்டிருக்கீங்க சேர்.”

“ஆமாங்க” என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். மாஷ் திரும்பி, கடிகாரத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

இப்போது குன்னூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். நான்கு பேர் நான்கு நேரத்தில் சாப்பிடுகிறோம். அவரவர் தட்டு, அவரவர் கைபேசித் திரை. குறை சொல்லவில்லை, அதுவும் ஒரு முறைதான். டீச்சர் என்னைவிட மூத்தவர், முன்னதாகவே தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றார். அவருடைய ஓய்வூதியத் தாள்கள் அப்போது நான் மாற்றலாகிப் போயிருந்த ஊட்டிக் கல்வி அலுவலகத்தில் என் மேசைக்குத்தான் சரிபார்க்க வந்தன. பணிப் பதிவேட்டைப் புரட்டினேன். என் கையெழுத்தில் அந்த வரி இருந்தது: முற்பகல். என் பணிக்காலத்தில் நான் எழுதிய ஒரே பொய், அடித்தல் திருத்தல் இல்லாமல். வெகு நேரம் பார்த்திருந்துவிட்டு, ஓரத்தில் ‘சரிபார்க்கப்பட்டது, சரியாக உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.