அக்காவின் ஓட்டும் என் முகவரிப் பைத்தியமும்

பிரேசில் நாட்டின் ஒரு மாநிலத்தில் செனட் தேர்தலுக்கு நின்ற ஒரு பெண்மணிக்கு விழ வேண்டிய ஓட்டு விழாமல் போனதற்கு நான்தான் காரணம். பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் உலகத்தில் எந்தத் தேர்தலிலும் எனக்கு இருந்த ஒரே செல்வாக்கு இதுதான் என்பதால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

நியூ ஜெர்சிக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிறது. க்ரீன் கார்டு வரிசையில் என் முறை வரும்போது கைத்தடியும் கூடவே வந்துவிடும் என்று என் மனைவி சொல்வாள். குடியுரிமை அதற்கும் அப்புறம்தான், ஆகவே இங்கே எனக்கு ஓட்டு இல்லை. ஊரில் பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆனால் நேரில் போய்த்தான் போட வேண்டும். அதற்காக விமானம் ஏறும் அளவுக்கு எந்த வேட்பாளர் மேலும் எனக்குக் காதல் வந்ததில்லை. ஒருமுறை என் ஓட்டு ஏற்கெனவே பதிவாகிவிட்டதாகத் தம்பி போனில் சொன்னான். யார் போட்டாரோ, யாருக்குப் போட்டாரோ தெரியாது. என்னைவிடப் பொறுப்பான குடிமகன் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவர் பிரேசில்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். என் மகள் போவதும் அந்த பஸ்ஸில்தான். மகளுக்கு அவர் ஆன்ட்டி, எனக்கு அக்கா. அவர் பேசுவது ஆங்கிலம், நான் பேசுவதும் ஆங்கிலம் என்று இருவருமே நம்பிக்கொண்டிருந்தோம். அவர் சொன்னதை எல்லாம் இங்கே நம் பேச்சிலேயே தருகிறேன்.

அந்த வருடம் மார்ச் மாதம் அக்கா எங்கள் வீட்டுச் சமையல்மேடையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "என் தங்கச்சி செனட்டுக்கு நிக்கறா" என்றார். தங்கை அந்த மாநிலத் தலைநகரில் பள்ளி ஆசிரியை. கட்சி சின்னக் கட்சி. ஜெயிக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டேன். "துளிகூட இல்ல" என்றார் சந்தோஷமாக. டெபாசிட் போகும் என்று அனுதாபத்தோடு சொன்னேன். அங்கே டெபாசிட் என்ற ஒன்றே கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது.

ஆனால் அக்காவுக்கு அது சிரிப்பு விஷயம் இல்லை. அவர் அமெரிக்கா வந்தபோது தங்கைக்குப் பதினாறு வயது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அத்தனை வருடமும் அம்மாவைப் பார்த்துக்கொண்டது தங்கைதான். அம்மா இறந்தபோது அக்காவிடம் சரியான பேப்பர் இல்லை. போனால் திரும்ப முடியாது என்று போகவில்லை. தங்கை அதற்குச் சண்டை போடவில்லை. பேசுவதைக் குறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். இப்போது அக்காவின் பேப்பர் எல்லாம் சரியாகியிருந்தது, தங்கையும் முதல் முறையாக ஒன்று கேட்டிருந்தாள். நம்ம தெருப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, நம்ம பூத்தில் நின்று, எனக்கு ஒரு ஓட்டுப் போடு.

அக்கா அக்டோபருக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் தன் வாக்காளர் அட்டையே ரத்தாகிக் கிடப்பது தெரிந்தது. அங்கே ஓட்டுப் போடுவது கட்டாயம். போடாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணமும் சொல்லாமல் வருடக்கணக்கில் சும்மா இருந்தால் அட்டை போய்விடும். மே மாதத் தொடக்கத்துக்குள் இணையத்தில் விண்ணப்பித்துச் சரி செய்யலாம். அதற்கு அவர் தேடி வந்தது என்னை.

என்னைத்தானே தேடி வர வேண்டும்? எங்கள் குடியிருப்பில் ஃபார்ம் நிரப்புவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. விசா நீட்டிப்பு, மாமியார் விசா, மகளின் பாஸ்போர்ட் என்று பதினாலு வருடத்தில் நான் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் கூரையைத் தொடும். லேப்டாப்பைத் திறந்து, பிரவுசரை மொழிபெயர்க்கச் சொல்லி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன்.

"அட்ரஸ் கேட்டா எங்கம்மா வீட்டு அட்ரஸைப் போடு" என்று சொல்லி ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு, அடுப்பில் இருந்த சீஸ் ரொட்டியைப் பார்க்க அக்கா தன் வீட்டுக்குப் போனார். அந்தப் பத்து நிமிடத்தில்தான் நான் இந்தக் காரியத்தைச் செய்தேன்.

முகவரி விஷயத்தில் எங்களை மாதிரி ஆட்களுக்கு இருக்கும் பயம் மற்றவர்களுக்குப் புரியாது. வீடு மாறினால் பால் காய்ச்சுவதற்கு முன்னால் முகவரி மாற்றத்தை அரசாங்கத்துக்குச் சொல்வோம். ஒரு முறை அபார்ட்மென்ட் எண்ணில் ஒரு இலக்கம் தவறி, எனக்கு வர வேண்டிய கடிதம் திரும்பிப் போய், பதில் அனுப்ப முடியாமல், நான் எட்டு மாதம் சோறு இறங்காமல் திரிந்தேன். அப்படிப்பட்டவனிடம் வந்து, குடியில்லாத வீட்டு முகவரியை அரசாங்கப் படிவத்தில் போடச் சொன்னால்? அக்காவை நாடு கடத்திவிடுவார்கள் என்று பயந்துபோனேன். எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குக் கடத்துவார்கள் என்று யோசிக்கவில்லை.

அடுத்த கேள்வி இன்னும் வேடிக்கை. இந்த முகவரியோடு உங்களுக்கு என்ன தொடர்பு என்று கேட்டு, தேர்ந்தெடுக்க நாலைந்து கட்டம் கொடுத்திருந்தார்கள். குடியிருப்பு, வேலை, குடும்பம், பாசம். பாசமா! பிரவுசர் உளறுகிறது என்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன். எந்த அரசாங்கமாவது இதைக் கேட்குமா? நாடு என்ற இடத்தில் அமெரிக்கா, நியூ ஜெர்சி முகவரி, தொடர்பு என்ற இடத்தில் குடியிருப்பு. அத்தாட்சிக்கு அக்காவின் கரண்ட் பில். அக்கா வந்ததும் அடையாள அட்டையைக் கையில் பிடிக்கச் சொல்லி ஒரு செல்ஃபி எடுத்து அனுப்பினேன்.

"எல்லாம் கரெக்டா போட்டாச்சு" என்றேன். ஆறு சீஸ் ரொட்டி சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நான் கிட்டத்தட்ட வட்டச் செயலாளர் ஆகிவிட்டேன். அங்கே ஜனாதிபதி தேர்தலும் கவர்னர் தேர்தலும் செனட் தேர்தலும் ஒரே நாளில். கவர்னர் என்றால் நம் ஊரில் டெல்லியிலிருந்து அனுப்பி வைப்பவர் இல்லை. ஜனங்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைக்கிற, நம் முதலமைச்சர் மாதிரி ஆள். இது என் தலைக்குள் ஏறவே ஒரு வாரம் பிடித்தது. அடுத்து, தங்கச்சிக்கு என்ன சின்னம் என்று கேட்டேன்.

"சின்னமா? நம்பர்தான். மூணு நம்பர் அழுத்தினா அவ போட்டோ வரும். பச்சை பட்டன தட்டினா மெஷின் ஒரு பாட்டுப் பாடும்."

"நம்பரை வெச்சு செவுத்துல என்னக்கா வரைவீங்க?"

"நம்பரைத்தான்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எந்தச் சாதி ஓட்டு அதிகம், தொகுதி எப்படி என்று அடுத்த ஆராய்ச்சிக்குப் போனேன். மாநிலம் முழுக்க ஒரே தொகுதி என்றார். தமிழ்நாட்டைப் போல நாலு மடங்கு பெரிய மாநிலம். தங்கை தன் பழைய காரில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

போதாக்குறைக்கு வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி. இவர்களுக்கு ஒரு அண்ணன். பெரிய கட்சியின் கவர்னர் வேட்பாளருக்கு ஒலிபெருக்கி வண்டி ஓட்டுகிற வேலை அவருக்கு. அந்தக் கட்சிக்கென்று தனியாக செனட் வேட்பாளர் இருந்ததால், தங்கைக்கு என் ஓட்டு கிடையாது என்று தெருவில் நின்று சொல்லிவிட்டார். அவர் வண்டியில் ஓடும் பிரசாரப் பாட்டை அக்கா ஒருநாள் போனில் போட்டுக் காட்டினார். என்ன சொல்ல, அருமையான பாட்டு. அதை நான் பாத்திரம் கழுவும்போது பாட, "அப்பா, தட்ஸ் தி அதர் பார்ட்டி!" என்று மகள் கத்தினாள். அக்கா கைத்துணியை என் மேல் வீசினார்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மதியம் அக்கா வந்தார். கதவைத் தட்டவில்லை, நேரே உள்ளே வந்து போனை என் முன்னால் வைத்தார். வாக்காளர் செயலியில் அவர் பெயர், படம், அதன் கீழே வாக்குச்சாவடி. நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிட டிரைவில் ஒரு கட்டடம்.

"பரவாயில்லயே, பக்கத்துலயே குடுத்துட்டாங்க" என்றேன்.

"வெளிநாட்டு முகவரி இருந்தா ஜனாதிபதிக்கு மட்டுந்தான் ஓட்டு" என்றார் அக்கா. "கவர்னருக்கு இல்ல. செனட்டுக்கு இல்ல."

தேர்தல் அலுவலகத்துக்குப் போன் போட்டார். அவர் போர்த்துகீசிய மொழியில் கெஞ்சுவதை நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கெஞ்சுவது எந்த மொழியிலும் புரிகிறது. மே மாதத்தோடு பட்டியல் மூடியாகிவிட்டது, இனி எதுவும் செய்ய முடியாது. படிவத்தில் பார்த்த அந்தப் பாசக் கட்டமும் நிஜம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. உன் வீட்டார் அங்கே இருந்தால் போதும், அந்த ஊர் மேல் உனக்குப் பாசம் இருந்தால்கூடப் போதும், அங்கே நீ ஓட்டுப் போடலாம். அவர்கள் சட்டமே அப்படித்தானாம்.

எனக்கு வெட்கத்தில் காது சூடேறியது. வாயை மூடிக்கொண்டிருக்கலாம், இருக்கவில்லை. "அங்க உங்க பேர்ல வேற யாராவது போட முடியாதாக்கா? எங்க ஊர்ல எனக்கு அப்படித்தான் நடந்துது" என்றேன். அங்கே கைரேகை வைக்க வேண்டுமாம்.

அக்கா போனதும் என் மனைவி ஆரம்பித்தாள். "ஏங்க, அவங்க அட்ரஸை எழுதியே குடுத்தாங்களா இல்லியா? அதைப் பாத்து டைப் பண்றதுக்கு என்ன? ஊர்ல இருக்கற ஃபார்மெல்லாம் நிரப்பி உங்களுக்கு ஒரு கார்டு வந்துதா?" நியாயமான கேள்வி. குப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

அக்கா தங்கையிடம் இதைச் சொல்லவில்லை. "இத்தன வருஷத்துல அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அதைப் போன்ல எப்படிச் சொல்றது?" என்றார். நேரில் போய்ச் சொல்வதாக ஏற்பாடு. இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஓட்டுப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு மெஷினும் யாருக்கு எத்தனை என்று ஒரு நீளச் சீட்டைத் துப்பும். அதை அந்த அறைக் கதவிலேயே ஒட்டிவிடுவார்கள். தங்கை தலைநகரில் தன் ஓட்டைப் போட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கார் ஓட்டி அம்மா ஊருக்கு வந்து அந்தச் சீட்டைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். தங்கை கணக்கில் அந்த மெஷினில் ஓட்டு உள்ள உறவுக்காரர்கள் அக்காவும் அண்ணனும் மட்டும். தெருவே பெரிய கட்சி. "அதுல எனக்கு ஒண்ணு இருக்கும். அது உன்னோடதுதான்னு எனக்குத் தெரியும்" என்று தங்கை சிரித்தாளாம்.

தேர்தல் ஞாயிறன்று எனக்கு வேலை ஓடவில்லை. வேட்பாளர்கள்கூட அன்றைக்கு என்னைவிட நிம்மதியாக இருந்திருப்பார்கள். எங்கள் நேரத்துக்கு மாலை நாலரை மணிக்கு அக்காவின் வீடியோ கால் வந்தது. பள்ளிக்கூட வராந்தா. பச்சைச் சுவர், பின்னால் சனங்களின் சத்தம். அக்காவின் மூக்கு சிவந்திருந்தது.

"ஒரு ஓட்டு இருக்கு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "யாருக்கு?"

"அவளுக்கு. இந்தக் கதவுல. ஒண்ணு."

நடந்தது இதுதான். ஊருக்குப் போன பிறகும் அக்காவுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. தங்கை சீட்டில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, தன் பெயருக்கு நேரே ஒன்று என்று இருப்பதைப் பார்த்து, அங்கேயே அக்காவைக் கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்துவிட்டாள். நீ வந்துட்டே, நீ வந்துட்டே என்று. அக்கா பேசாமல் நின்றிருந்தால் கதை சுபம். நானாக இருந்தால் நின்றிருப்பேன். அக்காவால் முடியவில்லை. "அது என்னோடது இல்ல. எனக்கு இங்க ஓட்டே இல்ல. என் பக்கத்து வீட்டுல ஒரு முட்டாள் இருக்கான்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

தங்கை மறுபடி சீட்டைப் பார்த்தாளாம். அப்புறம் மெதுவாகத் திரும்பி வாசலைப் பார்த்தாளாம். அங்கே அண்ணன் பெரிய கட்சியின் நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு, தன் வண்டி மேல் சாய்ந்து நின்றிருந்தார். இரண்டு பேரும் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"இப்ப எங்க அவர்?" என்றேன்.

அக்கா போனைத் திருப்பிக் காட்டினார். வண்டிக் கண்ணாடியைத் தங்கை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு பெரிய ஆள் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற மகள், "அப்பா, ஆர் யூ க்ரையிங்?" என்றாள். வெங்காயம் என்றேன். அன்று ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதும் எங்கள் வீட்டில் யாரும் எதையும் நறுக்கவில்லை.

தங்கை மாநில அளவில் படுதோல்வி. அண்ணனின் கவர்னரும் தோற்றார். நல்ல பாட்டு வீணானது.

ஒருமுறை பதிவு செய்தால் மறுபடி மாற்ற ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்பதால், அடுத்த ஏப்ரலில் அக்கா அதே முகவரிச் சீட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். இந்த முறை அடுப்பில் எதுவும் வைத்துவிட்டு வரவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அவர் வாசிக்க வாசிக்க அம்மா வீட்டு முகவரியை எழுத்து எழுத்தாக அடித்தேன். அடுத்து அந்தக் கேள்வி வந்தது. இந்த முகவரியோடு உங்களுக்கு என்ன தொடர்பு? பதினாலு வருடமும் அதற்கு மேல் ஒன்றும் ஆகிவிட்டது, இப்படி ஒரு கேள்வியை எந்தப் படிவமும் என்னிடம் கேட்டதில்லை. நான் மவுஸை நகர்த்தப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டு, பாசம் என்ற கட்டத்தில் தானே அழுத்தினார்.