எங்க பன்னிக்கு என்ன ரத்தம்

பன்னி வளக்கறேன்னு சொன்னா சிரிக்கறவங்க சிரிச்சிக்கட்டும். கேளம்பாக்கத்துல மெயின் ரோட்ட வுட்டு உள்ள தள்ளி, கேட் போட்ட தனி வூட்ல இருந்தோம். கைக்குள்ள அடங்கற குட்டியா வந்தது, மூணு வருஷத்துல கட்டிலுக்குக் கீழ நுழைய முடியாத சைஸ் ஆயிடிச்சி. கூப்பிட்டா வரும். திட்டினா மூலையில திரும்பிப் படுத்துக்கும். எங்க வூட்டுக்காரர்கிட்ட வர்ற கோவத்துல பாதிகூட எனக்கு அதுகிட்ட வந்ததில்ல.

அன்னைக்குக் காலையில அதோட ஈறு வெள்ள வெளேர்னு கெடந்திச்சி. ஒண்ணுக்குப் போனது செவப்பு. நாலு நாளைக்கு முன்னாடி சிங்க்குக்குக் கீழ வச்ச எலி மருந்தைப் பாத்தா, கவர் மட்டும்தான் கீது. வச்சது நான். கத்தினது அவர்கிட்ட. "கிச்சன் கதவை எவன்யா தொறந்து வுட்டது? உனக்கெல்லாம் மூளைன்னு ஒண்ணு கீதா இல்லியா?" கொழந்தையை எங்க அம்மாகிட்ட வுட்டுட்டு, பன்னியைக் குட்டி யானை வண்டியில ஏத்திக்கினு செங்கல்பட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் நான் வாயை மூடல. அவர் பின்னாடி பன்னியோட தலையை மடியில வச்சிக்கினு வந்தாரு.

டாக்டரம்மா பாத்த உடனே ஊசி போட்டாங்க. "எலி மருந்தால உள்ளுக்குள்ள ரத்தம் கசியுதும்மா. இந்த மருந்து வேலை செய்யறதுக்கு நேரம் ஆகும். அதுவரைக்கும் தாங்கணும்னா ரத்தம் ஏத்தணும்" அப்டின்னாங்க. தெரிஞ்ச பன்னிக்காரர் ஒருத்தருக்குப் போன் போட்டாங்க. அவர் ரெண்டு பெரிய பன்னிங்களோட வண்டியில வந்து எறங்கினாரு.

"என்ன குரூப்புன்னு பாக்க வேணாமா டாக்டர்?"

"நாய்க்குன்னா குரூப் பாக்கறதுக்குக் கார்டு கீர்டு இருக்கு, பன்னிக்கு இங்க ஒண்ணும் கெடையாது. அதுக்கு நம்மள மாதிரி நாலு குரூப்பும் இல்ல, ஏகப்பட்டது. முதல் தடவைன்னா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஒரு தடவை வெளி ரத்தம் ஏறியிருந்தா, அடுத்த தடவை உடம்பு எதிர்த்துக்கும், உசுருக்கே ஆபத்து. முன்னாடி ஏத்தியிருக்கீங்களா?"

"இல்லவே இல்ல. என் பன்னியைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

ஒரு பன்னிகிட்ட எடுத்த ரத்தம் பையில தொங்கிச்சி. டாக்டரம்மா டியூபை ஊசியோட மாட்டப் போனாங்க. பன்னிக்கு மூச்சு இழுத்துக்கினு இருந்திச்சி. ஐயோ, சீக்கிரம் ஏத்துங்களேன்னு கத்தினேன்.

"டாக்டர், ஒரு நிமிஷம்." எங்க வூட்டுக்காரர்தான். சட்டையெல்லாம் வேர்த்து நனைஞ்சி கெடக்கு. "ஒரு தடவை ஏத்தியிருக்கு."

போன வருஷம் நான் பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்குப் போயிருந்தப்போ கேட்டை மூட மறந்துட்டாராம். தெருநாய்ங்க உள்ள பூந்து தொடையைக் கிழிச்சிடிச்சாம். வேற ஒரு ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்திப் பொழைக்க வச்சிருக்காரு. அந்தத் தழும்பு வேலிக் கம்பி கிழிச்சதுன்னு என்கிட்ட சொன்னதை நானும் நம்பிக்கினு இருந்தேன்.

டாக்டரம்மா டியூபைக் கீழ போட்டுட்டு, எங்க பன்னியோட காதுல ரத்தம் எடுத்தாங்க. ரெண்டு ரத்தத்தையும் கண்ணாடித் துண்டுல கலந்து ஆட்டினாங்க. கொஞ்ச நேரத்துல அது திரிஞ்ச பால் மாதிரி கட்டி கட்டியா பிரிஞ்சிடிச்சி. ஏத்த இருந்த ரத்தம் அதுதான்.

அப்புறம் ரெண்டாவது பன்னியோட ரத்தம். நாங்க நாலு பேரும் அந்தக் கண்ணாடியையே பாத்துக்கினு நின்னோம். பிரியல. மைக்ராஸ்கோப்புல வச்சிப் பாத்துட்டு, "ஏத்தலாம்"னாங்க. ஒவ்வொரு சொட்டா எறங்கறப்பவும், இப்ப நடுங்குமோ, இப்ப போயிடுமோன்னு அது வயித்து மேலயே கையை வச்சிக்கினு உக்காந்திருந்தேன். சாயங்காலம் ஈறுல லேசா ரோஸ் கலர் தெரிஞ்சிச்சி.

வெளிய பெஞ்சில அவர் பக்கத்துல போய் உக்காந்தேன். "ஏன்யா முன்னாடியே சொல்லல?"

"நீ கத்துவேன்னு பயந்தேன்."

"செத்திருந்தா?"

"அதுக்கும் கத்துவேன்னு பயந்தேன். அதான் எதுக்கு மொதல்ல பயப்படறதுன்னே தெரியாம நின்னுக்கினு இருந்தேன்."

எனக்கு அழுகை முட்டிக்கினு வந்திச்சி. முடிஞ்ச அளவுக்குக் கொரலை எறக்கி, "வேற எதுனா மறைச்சிக்கீறியா?"ன்னு கேட்டேன்.

அவர் என் மூஞ்சியைக் கொஞ்ச நேரம் உத்துப் பாத்தாரு. அப்புறம்தான் "இல்ல"ன்னு சொன்னாரு.