அத்தான் குடிக்கவில்லை

"அத்தான் குடிக்க ஆரம்பிச்சுட்டாருடி!"

போன மாதம் ஒரு காலையில் அக்காவின் போன். அழுகை வேறு. எனக்கோ சிரிப்பு வந்தது. கல்யாண வீட்டில் நாலு பேர் ஓரமாக ஒதுங்கினாலே, என்ன ஏது என்று புரிந்துகொண்டு எழுந்து போய்விடுகிறவர் அத்தான். அவரா?

"தள்ளாடிக்கிட்டு வர்றாரு. நேத்து வரப்புல நடந்தவரு வாய்க்கால்ல விழுந்துட்டாரு. பேச்சு குழறுது, கை நடுங்குது. ஊரே பேசுது."

"வாடை அடிக்குதா?"

"அதான் இல்ல. மூணு தடவ மோந்து பாத்துட்டேன்."

அக்கா வீடு பாபநாசத்துக்குப் பக்கம். தஞ்சாவூரில் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

போனால், அத்தானுக்கு இருபுறமும் ஊரின் நிரந்தரக் குடிமகன்கள் இருவர். ஆறுதல் சொல்கிறார்களாம்! "நாங்களும் இப்படித்தாங்க ஆரம்பிச்சோம். அளவா வெச்சுக்கிட்டா ஒண்ணும் பண்ணாதுங்க."

அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வார்த்தைக்குப் பதில் வாந்தி வந்தது. நிமிர்ந்து உட்காரக்கூட முடியவில்லை. என் சிரிப்பெல்லாம் அந்த நிமிடமே போய்விட்டது. கார் பிடித்துத் தஞ்சாவூர் கொண்டுவந்து ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

டியூட்டியில் இருந்தது இளம் பெண் டாக்டர். "ரெகுலரா ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா?"

"நரம்பு மாத்திரைங்க" என்றாள் அக்கா, தரையைப் பார்த்தபடி.

"எந்த நரம்புக்கு?"

எங்கள் வீட்டில் யாருமே கேட்கத் துணியாத கேள்வி! பல வருடங்களுக்கு முன் அத்தான் ஒரு வாரம் முழுக்கத் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்தார். அடுத்த மாதம் படுக்கையை விட்டே எழவில்லை. மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையில்தான் மனிதர் நிலைக்கு வந்தார். விஷயம் எங்கள் மூவருக்கு மட்டுமே தெரியும்.

"லித்தியம், டாக்டர்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "சமீபத்துல உப்பைக் குறைச்சீங்களா?"

அக்கா மெல்லக் கையை நீட்டினாள்... என்னை நோக்கி. "இவதாங்க எழுதினா."

ஆமாம், இதே பக்கத்தில்தான். உப்பைக் குறைப்போம் என்று எழுதியிருந்தேனே? நீங்களெல்லாம் பாராட்டினீர்கள். அக்கா பாராட்டவில்லை — கடைப்பிடித்துவிட்டாள்! குழம்பில் உப்பில்லை, மோரில் உப்பில்லை, ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போய்விட்டது. அத்தானோ நாள் முழுக்கக் குறுவை நாற்றங்காலில், வெயிலில் வியர்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"உடம்புல உப்பு பத்தலைன்னா, கிட்னி இருக்கிறதை விடாம பிடிச்சு வெச்சுக்கும். கூடவே லித்தியத்தையும் பிடிச்சு வெச்சுக்கும். அது ஏறி ஏறி இப்ப விஷமாயிடுச்சு. இன்னும் விட்டிருந்தா ஃபிட்ஸ் வந்திருக்கும்."

மாத்திரையை நிறுத்தி, சலைன் ஏற்றி, திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு நாள் அக்கா என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அத்தான் தெளிவாக, "காபி கிடைக்குமா?" என்றார். வராண்டாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அன்றுதான் டாக்டரிடம் கேட்டேன், இத்தனை சின்ன மாத்திரை மூளைக்குள் அப்படி என்னதான் செய்கிறது என்று.

"ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்கு ஒரு ரசாயனத்தை அனுப்பும். அது உள்ள போகாது. வாசல்லயே சேதியைச் சொல்லிட்டுப் போயிடும். உள்ள வேற ஒரு ரசாயனம் உருவாகி, அதுதான் சேதியை செல் பூரா கொண்டுபோகும். இரண்டாம் தூதர்னு சொல்லுவோம். வாசல்ல ஒண்ணு சொன்னா, உள்ள அது நூறாயிடும். அந்த ஆளை லித்தியம் கொஞ்சம் அடக்கி வைக்குதுன்னு நினைக்கிறோம். முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது."

ஒன்றை நூறாக்கும் ஆளா? எனக்குச் சுருக்கென்றது. நான் எழுதியது 'குறையுங்கள்' என்றுதான். அக்காவின் அடுப்படிக்குள் போவதற்குள் அது 'நிறுத்துங்கள்' ஆகியிருந்தது! தப்பு அக்கா மேல் இல்லை. யார் யாருக்குக் கூடாது என்று நான் ஒரு வரி சேர்த்திருக்கலாம். இப்போது சேர்க்கிறேன்: லித்தியம் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உப்பிலும் கை வைக்காதீர்கள், மாத்திரையிலும் கை வைக்காதீர்கள்.

ஊர் திரும்பியதும் அத்தான் நேராக டீக்கடைக்குக் கிளம்பினார். எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறாராம். "வேணாங்க, ஊர்ல என்ன நினைப்பாங்க?" என்று அக்கா தடுத்தாள்.

"குடிகாரன்னு நினைச்சாங்களே, அதுக்கு இது தேவலாம்" என்று போய்விட்டார். வியாதியின் பெயர், மாத்திரையின் பெயர், இரண்டாம் தூதர் எல்லாவற்றையும் ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

சாயங்காலம் எதிர்வீட்டு அம்மா வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த மனநல டாக்டர் எங்க இருக்காருங்க? எங்களுக்கு இல்ல... தெரிஞ்சவங்களுக்கு."

எழுதிக் கொடுத்தேன். நம் ஊரில் இந்த வியாதியெல்லாம் தெரிந்தவர்களுக்கு மட்டும்தானே வருகிறது!