அண்ணை போகாத கோயில்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே ஆங்கில வகுப்பு ஆசிரியை ஒரு பழைய பிரிட்டிஷ் படத்தைப் பார்த்துக் கட்டுரை எழுதச் சொன்னபோது, வீடே அதைத் தன் வீட்டுப்பாடமாக எடுத்துக்கொண்டது. நூலகத்தில் இரவல் வாங்கிய கசெட்டைப் போட்டதும் அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த வெக்ஸ்போர்ட்டில் எங்களோடு ஓர் அறையில் வாடகைக்கு இருந்த அண்ணையும் வந்தார். அடுத்த வாரம் அவருக்கு அகதி விசாரணை. கேஸ் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

கறுப்பு வெள்ளைப் படம். செய்யாத கொலைக்காக ஒரு கனவான் கூண்டில் நிற்கிறார். கொலை நடந்த நேரம் அவர் இன்னொருவருடைய மனைவியோடு தோட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார். அதைச் சொன்னால் அவள் பெயர் கெடும்; ஆகவே சொல்லமாட்டார். வயலின்கள்தான் அவருக்காக விடாமல் அழுதன. நான் வசனத்துக்கு வசனம் நிறுத்தி, "கனம் நீதிபதி அவர்களே" என்று மொழிபெயர்த்தேன்.

"உவன் என்ன, வாயிலை கொழுக்கட்டையே வைச்சிருக்கிறான்?" என்றார் அம்மா.

"பொறுங்கோ அக்கா. கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லவேணும். என்ரை லோயரும் அப்பிடித்தான் சொன்னவர்," என்றார் அண்ணை.

"இப்ப கேட்டுப்போட்டாங்கள்தானே! எங்கை நிண்டனீ எண்டு."

கனவான் கூரையைப் பார்த்தார். நீதிபதி தூக்குத் தண்டனை விதித்தார்.

"தம்பி, நிப்பாட்டு," என்றார் அண்ணை. முகம் வியர்த்திருந்தது. "நான் கோயிலுக்குப் போகேல்லை."

கொழும்பில் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது பிடிபட்டதாகத்தான் அவர் லோயரிடம் சொல்லியிருந்தார். நானே அதிகாரியாக நடித்து, என்ன பூசை, எந்த வாசலால் வெளியே வந்தீர்கள் என்றெல்லாம் கேட்டுப் பயிற்சி கொடுத்திருந்தேன். உண்மையில் அவர் போனது தியேட்டருக்கு. இடைவேளையில் தேத்தண்ணி குடிக்க வெளியே வந்தவரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டுபோய், மாதக்கணக்கில் அடைத்து வைத்து அடித்திருக்கிறது.

"படம் பாக்கப் போனவனுக்கு ஆர் இரக்கப்படுவினம், கோயில் எண்டு சொல்லு எண்டு எல்லாரும் சொன்னவை," என்றார்.

அம்மா தொலைக்காட்சியைக் காட்டினார். "உந்த மனிசன் சொன்னால் ஒரு பொம்பிளையின்ரை மானம் போகும். நீர் சொன்னால் ஆரின்ரை மானம் போகுது? தியேட்டர்காரன்ரையே?"

அடுத்த நாள் நான் அண்ணையை லோயரிடம் கூட்டிக்கொண்டு போனேன். லோயர் முதலில் கத்தினார். பிறகு உட்கார்ந்து கதையைத் திருத்தி எழுதினார்.

விசாரணை அன்று அண்ணையின் விருப்பப்படி என்னையும் ஓரமாக உட்கார விட்டார்கள். அதிகாரி கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண். ஏன் கதையை மாற்றினீர்கள் என்று கேட்டார். அண்ணை காரணத்தைச் சொன்னார். சரி, அந்தப் படத்தின் கதை என்ன என்றார் அதிகாரி.

லோயரின் அறிவுரை காற்றில் பறந்தது. அண்ணை கதாநாயகனின் அம்மா விதவையானதிலிருந்து தொடங்கினார். சண்டைக்காட்சி வந்தபோது எழுந்தே நின்றுவிட்டார். "அண்ணை, கொஞ்சம் மெல்ல. எனக்கும் மூச்சு விடவேணும்," என்று மொழிபெயர்ப்பாளர் கெஞ்சினார்.

"முடிவு?" என்று கேட்டார் அதிகாரி.

அண்ணை உட்கார்ந்தார். "தெரியாது. மிச்சத்தைப் பாக்க அவங்கள் விடேல்லை."

அதிகாரி பேனையை வைத்துவிட்டார். சிறிது நேரம் வெளியே போய்விட்டு வந்து, இரண்டு வாக்கியம் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்குமுன் அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"என்னவாம் தம்பி?"

"ஓமாம் அண்ணை. இருக்கலாமாம்."

அண்ணை மேசையில் எட்டி, ஒரு கிளாஸ் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். அது அதிகாரியின் தண்ணீர்.